மூன்று புள்ளி, இரண்டு கோடு

தம்பியிடம் பேசுவதற்காகப் பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கிய அக்கா இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான் என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். தம்பி சிதம்பரம் அண்ணாமலை நகரில், ஊழியர் குடியிருப்பில் இருக்கிறான். அங்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு புயலில் ஐந்து நாள் போன் செத்துக் கிடந்தது. ஆறாம் நாள் சேறும் சகதியுமாகத் தம்பி பைக்கில் வந்து இறங்கினான். நாங்கள் உயிரோடிருப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இனிமே போன நம்பிக்கிட்டு இருக்க முடியாது. நீயும் லைசென்ஸ் எடு" என்றான். அவன் அதற்கு முன்பே அமெச்சூர் ரேடியோ என்கிற பொழுதுபோக்கில் இருந்தான். வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டி, உலகத்தில் எந்த மூலையிலோ இருப்பவர்களிடம் பேசுவான். பக்கத்தில் இருக்கிற கடலூரில் மட்டும் பேச ஆளில்லை.

நான் படித்தேன், எழுதினேன், எனக்கு உரிமம் வந்தது. உரிமத்தோடு ஒரு கால் சைனும் வரும். ரேடியோவில் அதுதான் நம் பெயர். முதல் இரண்டு எழுத்து நாட்டுக்கு, அடுத்து ஒரு எண், கடைசியாக நமக்கென்று மூன்று எழுத்து. பெரிய பரீட்சை எழுதிய தம்பிக்கு எண் இரண்டு. சின்னப் பரீட்சை எழுதிய எனக்கு எண் மூன்று. பெரிய பரீட்சையில் மோர்ஸ் உண்டு. புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற அந்தத் தந்தி மொழி எனக்கு ஏறவில்லை. எல்லாம் ஒரே "டி டா டி டா"வாகத்தான் கேட்டது.

கையில் வைத்துப் பேசும் சின்ன செட் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எட்டாது. நடுவில், உயரமான இடத்தில் ரிப்பீட்டர் என்று ஒரு பெட்டி வேண்டும். நாம் பேசுவதைக் கேட்டு அதே நொடியில் பலமாகத் திருப்பிச் சொல்லும் பெட்டி. அந்த உயரமான இடம் குறிஞ்சிப்பாடியில் ஒரு ரைஸ் மில்லாக அமைந்தது. மில் முதலாளி தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். அவரும் எங்களைப் போல உரிமம் வைத்திருந்தார். நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் கூண்டின் உச்சியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அனுமதி வாங்கினோம். ரிப்பீட்டருக்கென்று தனியாக ஒரு கால் சைனும் வந்தது. அதிலும் எண் இரண்டுதான்.

இப்படி நாங்கள் ஆறேழு பேர் காலையும் மாலையும் அதில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு சிக்கல் இருந்தது. ரிப்பீட்டர் தான் யாரென்று அவ்வப்போது சொல்ல வேண்டும் என்பது விதி. அந்தப் பெட்டிக்கு வாய் கிடையாது. அதனால் நாங்களே பேச்சின் நடுவில் அதன் கால் சைனைச் சொல்லி வந்தோம். அதாவது, தம்பி சொல்லி வந்தான். நாங்கள் மறந்து வந்தோம். மில் முதலாளி பேச ஆரம்பித்தால் தன் பெயரே அவருக்கு நினைவிருக்காது.

"அக்கா, லைசென்ஸ்ல இருக்கறது என் கையெழுத்து. நாளைக்கு யாராவது கேட்டா நான்தான் பதில் சொல்லணும்" என்றான் தம்பி. "நீ பள்ளிக்கூடத்துல புரோகிராம்தான சொல்லிக்குடுக்கற? பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தானே பேர் சொல்ற மாதிரி ஒரு போர்டு செய்யலாம். சால்டரிங் நான் பாத்துக்கறேன். புரோகிராம் நீ எழுது."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய முதல் சனிக்கிழமை அண்ணாமலை நகர் போனேன். தம்பி மனைவி சாப்பாட்டு மேசையை எங்களுக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மேசை மேல் இரண்டு விரல் அகலத்தில் ஒரு போர்டு, நாலைந்து கம்பிகள், ஒரு டிரான்சிஸ்டர், ஒலியைக் கூட்டிக் குறைக்க ஸ்குரூ டிரைவரால் திருகும் ஒரு சின்னக் குமிழ். வேலை கேட்பதற்கு எளிது. யாராவது ரிப்பீட்டரில் பேசினார்களா என்று போர்டு கவனிக்க வேண்டும். பேசியிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்மிட்டரைத் தட்டி எழுப்பி, மோர்ஸில் பெயரைச் சொல்லிவிட்டு அடங்க வேண்டும். யாரும் பேசவில்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது.

ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரு வரியாகப் புள்ளியும் கோடும் போட்டு ஒரு பட்டியல் எழுதினேன். புள்ளி எவ்வளவு நேரம், கோடு எவ்வளவு நேரம், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் தம்பி சொன்னான். எழுதி முடித்ததும் சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு கால் சைன் வேண்டுமே என்று என்னுடையதையே போட்டேன். ஒரு சின்ன ஸ்பீக்கரிலிருந்து "டி டி டி டா" என்று கிளம்பியது. தம்பி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"உன் பேர்தாங்க்கா. சுத்தமா சொல்லுது. நீ சொல்றதவிட நல்லா சொல்லுது."

எனக்கு அன்று வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனையோ புரோகிராம் எழுதியிருக்கிறேன், எழுதச் சொல்லியிருக்கிறேன். எல்லாம் திரையில் ஓடி, திரையிலேயே முடிந்துவிடும். இது வாய் திறந்து பேசியது. அதுவும் எனக்குத் தெரியாத மொழியில், என் பெயரை.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் கணவரும் நானும் குறிஞ்சிப்பாடிக்குப் போனோம். தம்பி சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தான். மில்லுக்கு விடுமுறை. ஆனாலும் உமித்தூசி காற்றில் மிதந்துகொண்டேயிருந்தது. மில் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு சின்ன ஆச" என்று ஆரம்பித்தார். "அந்த டி டா சத்தத்தோட நம்ம மில் பேரையும் சேத்து விட்டுடுங்களேன். இடம் குடுத்தவன் பேரும் ஒரு ஓரமா இருக்கட்டும்."

"அண்ணே, அப்படியெல்லாம் விளம்பரம் பண்ணக் கூடாது. லைசென்ஸ் போயிடும்" என்றான் தம்பி.

"எவனுக்குய்யா புரியப்போவுது? மோர்ஸ் தெரிஞ்சவன் இந்தப் பக்கத்துலயே நீ ஒருத்தன்தான்."

"எனக்குப் புரியுமில்ல?"

முதலாளி "அதுவும் சரிதான்" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். தம்பி மேலே ஏறினான். ரிப்பீட்டர் பெட்டி உச்சிக்கு ஒரு தளம் கீழே, தகரத் தடுப்புக்குள் இருந்தது. நானும் லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். என் கணவருக்கு உயரம் ஆகாது. கீழே நின்றபடி, "மச்சான், அவளப் பாத்து இறக்கு. எனக்கு மத்தியானம் சமைக்கத் தெரியாது" என்று குரல் கொடுத்தார்.

மேலே வெயிலில் தகரம் சுட்டது. லேப்டாப் திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. துப்பட்டாவால் தலையையும் லேப்டாப்பையும் சேர்த்து மூடிக்கொண்டு, சோதனைக்காகப் போட்டிருந்த என் கால் சைனை எடுத்துவிட்டு ரிப்பீட்டருடையதைப் போட்டேன். முதல் இரண்டு எழுத்து எல்லோருக்கும் ஒன்று. அதில் கைவைக்க வேண்டியதில்லை. கடைசி மூன்று எழுத்தை மாற்றினேன். ஏற்றினேன். கம்பிகளைப் பொருத்தினோம். தம்பி கையிலிருந்த செட்டில் ஒரு வார்த்தை பேசினான். போர்டு உடனே தன் வேலையைக் காட்டியது. "டி டி டி டா..." தம்பி முதல் எழுத்தைக் கேட்டதுமே கட்டைவிரலை உயர்த்திவிட்டு, ஆன்டெனா கேபிளை இறுக்கப் போய்விட்டான்.

நடுவில் இருந்த அந்த எண்ணை நான் மாற்றவில்லை. என் உரிமத்தின் மூன்று அப்படியே ரிப்பீட்டரின் பெயருக்குள் உட்கார்ந்துகொண்டது. மூன்று என்றால் மூன்று புள்ளி, இரண்டு கோடு. இரண்டு என்றால் இரண்டு புள்ளி, மூன்று கோடு. நடுவில் ஒரே ஒரு கோடு புள்ளியாகக் குறுகியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அது தெரிய மூன்று வாரம் ஆனது. அதற்குள் வேறு ஒரு குறை கண்டுபிடித்தோம். சத்தம் அதிகம். மில் முதலாளி தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் சாங்கோபாங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்கிற இடத்தில் போர்டு கிளம்பி அவர் குரலை மூடிவிட்டது.

"நான் பேசறப்ப யாரோ விசிலடிக்கிறாங்க" என்றார் அவர் கோபமாக.

"நம்ம போர்டுதான் அண்ணே."

"அதுக்கும் மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல, டீச்சர்?"

தம்பி மறுபடி ஏறிக் குமிழைத் திருகி, பேச்சுக்கு அடியில் மெல்லக் கேட்கும்படி வைத்துவிட்டு வந்தான். அன்றும் அவன் தப்பைக் கவனிக்கவில்லை. பிறகு நான் அதைக் கேட்டபோது, "தெரிஞ்ச பேர யாருக்கா எழுத்துக்கூட்டிப் படிப்பா?" என்றான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டு வாசலில் நம் பெயர்ப் பலகையை நாம் எப்போது படித்தோம்?

என் செட் சமையலறையில் பிரிட்ஜ் மேல் இருக்கும். காலையில் டிபன் கட்டும்போது அதை ஓடவிடுவேன். பங்குனியில் ஒரு காலை, ஆறரை மணி இருக்கும். தம்பியும் மில் முதலாளியும் பேசி ஓய்ந்திருந்தார்கள். போர்டு தன் பெயரைச் சொல்லி அடங்கியது. நான் புளிசாதத்தை டப்பாவில் அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மறுபடியும் மோர்ஸ் கேட்டது. இந்த முறை மெதுவாக, கொஞ்சம் தயங்கித் தயங்கி, நடுவே காற்று இரைச்சலோடு. நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தது.

போர்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் புரோகிராமில் எங்கே தப்பு என்று மனசுக்குள் வரிவரியாக ஓடியது. கையைத் துடைத்துக்கொண்டு போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, அது போர்டு இல்ல. யாரோ கையால அடிக்கிறாங்க."

"என்னா சொல்றாங்க?"

"'இது என்னுடைய கால் சைன். நீங்கள் யார்?' அப்படின்னு இங்கிலீஷ்ல கேக்கறாங்க." பிறகு மெதுவாக, "அக்கா, நீ அந்த நம்பர மாத்தினியா?" என்றான்.

கடைசி மூன்று எழுத்தை மட்டும் மாற்றியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி உடனே ரிப்பீட்டரில் வந்தான். குரலில் பதற்றம். தப்பு எங்களுடையது, எண் மாறிவிட்டது, மன்னிக்க வேண்டும், இன்றைக்கே நிறுத்திவிடுகிறோம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னான். எதிர்ப்பக்கம் மறுபடி மோர்ஸ். தான் வேதாரண்யத்தில் இருப்பதாக அதில் சொன்னாராம். நாங்கள் நம்பவில்லை. குறிஞ்சிப்பாடிக்கும் அதற்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆனால் வெயில் காலக் காலைகளில் கடலோரக் காற்று சூடும் குளிருமாக அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்ட ரேடியோ அலை வழக்கத்தைவிட வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகும் என்று தம்பி பிறகு எனக்கு விளக்கினான். மத்தியானம் வெயில் ஏறினால் அந்தப் பாதை மூடிவிடும்.

"சார், நீங்க வாய்ஸ்ல வாங்க. நல்லா கேக்குது, பேசலாம்" என்றான் தம்பி.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பாதை மூடிவிட்டது என்று நினைத்தோம். பிறகு நான்கைந்து சொல் மட்டும் மோர்ஸில் வந்தது. தம்பி அதை வாய்விட்டு மொழிபெயர்க்கவில்லை. எனக்குப் போனில்தான் சொன்னான். "தனக்குத் திக்கும், பேச வராதுன்னு சொல்றாருக்கா."

அதன் பிறகு தம்பி செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவன்மேல் பிரியம் கூடும். மைக்கை வைத்துவிட்டு, பரண் மேலிருந்த மோர்ஸ் தட்டுகிற தன் கட்டையை எடுத்து இணைத்துக்கொண்டு, அவனும் மோர்ஸிலேயே பதில் சொல்ல ஆரம்பித்தான். கால் மணி நேரம் இரண்டு பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவது, நடுவில் ஒருவர் வேகமாவது, மற்றவர் அதற்கு ஈடு கொடுப்பது எல்லாம் கேட்கக் கேட்க, இருவரும் சிரிக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. இடையில் மில் முதலாளி பொறுக்க முடியாமல் தன் செட்டில் குறுக்கிட்டார்.

"என்னய்யா ரெண்டு பேரும் என் மில்லு மேல தந்தி ஆபீஸ் தொறந்துட்டீங்க? எங்களுக்கும் ஏதாச்சும் சொன்னா ஆகாதா?"

தம்பி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். மில் முதலாளி கேட்டுவிட்டு, "இருங்க" என்று சொல்லிவிட்டுப் போய், தானே ஏணியில் ஏறிப் போர்டின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வந்தார். அவர் அந்த ஏணியில் ஏறியது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

வேதாரண்யத்துக்காரர் கால் சைனில் எண் மூன்று; மற்ற எழுத்தெல்லாம் எங்கள் ரிப்பீட்டருடையதேதான். அவர் உப்பளம் ஒன்றில் எடைமேடை பார்க்கிறவர். லாரி ஏறும், எடை காட்டும், சீட்டுக் கொடுப்பார். அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதாலேயே அதைப் பிடித்து வைத்திருந்தார். உரிமம் வாங்கி மூன்று வருடமாகியும் அதுவரை ஒருநாள்கூட அவர் பேசும் பொத்தானை அழுத்தவில்லை. தினமும் காலையில் கேட்பார், அவ்வளவுதான். மோர்ஸைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். அன்று போனில் மோர்ஸ் ஒலி எழுப்பும் ஒரு செயலியைத் திறந்து, அதை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டுதான் தட்டியிருக்கிறார். இதெல்லாம் அவர் என் தம்பிக்கு அனுப்பிய குறுஞ்செய்திகளில் எங்களுக்குத் தெரிய வந்தது. வருகிற ஞாயிறு தப்பைத் திருத்தப் போகிறோம் என்று தம்பி எழுதியதும், தானும் வரலாமா என்று அவர் கேட்டார்.

ஞாயிறன்று தம்பி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு குறிஞ்சிப்பாடி வந்தான். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், அடர்த்தியான மீசை. கையில் ஒரு துணிப்பை. அவர் கை கழுவப் போன நேரத்தில் தம்பி என்னிடம், "வழி பூரா என் தோள்ல தட்டிக்கிட்டே வந்தாருக்கா" என்றான்.

"ஏன், பயந்துட்டாரா?"

"இல்ல. மோர்ஸ். புள்ளிக்கு ஒரு தட்டு, கோட்டுக்கு ஒரு அழுத்து. வடலூர் தாண்டினதும் 'மெதுவா போ'ன்னாரு. லாரி வந்தா 'லாரி'ன்னாரு. எனக்கு வண்டிய ஓட்டறதா, தோள படிக்கறதான்னு தெரியல."

எனக்குள் ஒரு பயம் இருந்தது. மில் முதலாளிக்கு யார் பேசினாலும் அவர்கள் வாக்கியத்தைத் தானே முடித்து வைக்கிற பழக்கம். திக்குகிறவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள். எச்சரித்து வைக்க நினைத்திருந்தேன். அதற்குள் முதலாளி வந்தவரை வாசல் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"வ... வணக்கம். நான் உ... உ..."

"உள்ள வரீங்களா? வாங்க வாங்க."

"இல்ல, உ... உ..."

"உடம்பு சரியில்லயா?"

வந்தவர் துணிப்பையைத் திறந்து காட்டினார். இரண்டு கிலோ இருக்கும், பளிங்கு மாதிரி கல்லுப்பு. "உப்பு" என்றார், தெளிவாக. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். மில் முதலாளியும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் ஒரு அவசரக்குடுக்க. நீங்க நிதானமா சொல்லுங்க. மில்லு இன்னிக்கு லீவுதான்" என்றார். அன்று முழுக்க அவர் தன் வாயைக் கட்டுப்படுத்திக்கொள்ளப் பட்ட பாடு பார்க்கப் பாவமாக இருந்தது. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். மூன்றில் ஒரு தடவையாவது தோற்றுப்போவார். வந்தவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டீ குடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார். பிரித்துப் படித்த தம்பி முகம் மாறியது. உரிமம் கொடுக்கிற அலுவலகத்துக்கு எழுதிய புகார். தன் கால் சைனை யாரோ திருடி, தனக்குக் கேட்ட மூன்று நாளும் இன்ன இன்ன நேரத்தில் பயன்படுத்தினார்கள் என்று நிமிடக் கணக்கோடு எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டு, உறையில் முகவரியும் எழுதியாயிற்று. தபாலில் சேர்க்கக் கிளம்பிய அன்று காலைதான், எதற்கும் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று தோன்றியதாம்.

"கேக்கறதுக்கு மு... முந்தி ரெண்டு தடவ செட்ட அணைச்சிட்டேன்" என்றார். "வேர்த்துடுச்சி."

தம்பி அந்தக் காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பி நீட்டினான். "நீங்களே வெச்சிக்குங்க" என்று அவர் சைகை காட்டினார்.

நான் மேலே ஏறினேன். இந்த முறை அந்த எண்ணை மாற்றினேன். திரையைத் துப்பட்டாவுக்குள் வைத்து நாலு தடவை பார்த்தேன். தம்பி என் பின்னால் நின்று ஐந்தாம் தடவை பார்த்தான். கீழே மில் வாசலில் என் கணவரும் முதலாளியும் வந்தவரும் நின்றிருந்தார்கள். யாராவது ரிப்பீட்டரில் பேசினால்தான் போர்டு கிளம்பும். செட் கீழே இருந்தது. தம்பி மேலிருந்து குனிந்து, "யாராவது ஒரு வார்த்த பேசுங்க" என்றான்.

செட் முதலாளி கையில் இருந்தது. அவர் பேசியிருக்கலாம். பேசுவதென்றால் அவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும். அவர் அதை வந்தவரிடம் நீட்டினார்.

மேலிருந்து எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. செட்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். தம்பி பக்கத்தில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. முதல் எழுத்து வரவில்லை. பெட்டியின் ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது. நான் மனசுக்குள் 'மரியாயே வாழ்க' ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். முதலாளி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தக் காட்சி மட்டும் மேலிருந்தும் நன்றாகத் தெரிந்தது.

முதல் எழுத்து வந்தது. இரண்டாவது, அந்த எண், பிறகு கடைசி மூன்று. ஒவ்வொன்றும் ஒரு படி ஏறுவது போல வந்தது. மூன்று வருடமாக அவருக்கு இருந்த பெயரை அவர் முதல் முறையாகக் காற்றில் சொன்னார். அவர் பொத்தானை விட்டதும் எங்கள் போர்டு தொடங்கியது. இந்த முறை தம்பி கடைசிப் புள்ளி வரை எழுத்துக்கூட்டிக் கேட்டான். கீழே அவரும் தலையைச் சாய்த்து, விரலை மடக்கி மடக்கிக் கேட்டுவிட்டு, எங்களை நிமிர்ந்து பார்த்து, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு புள்ளி, மூன்று கோடு.

இறங்கி வந்ததும் அவருக்கும் எனக்கும் சேர்ந்து ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. "மன்னிச்சிருங்க சார், என் தப்புதான்" என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "மூணு வருஷத்துல எ... என் பேர நான்கூட கூப்பிடல. நீங்க கூப்பிட்டீங்க" என்றார்.

மத்தியானம் முதலாளி வீட்டில் சாப்பாடு. தவக்காலத்தில் நாங்கள் கறி தொடுவதில்லை என்பது அவருக்கு மறந்து, காடாம்புலியூர் முந்திரி போட்டுக் கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். எங்களுக்கு அவசரமாகக் கத்திரிக்காய் வதக்கினார்கள். என் கணவர் தம்பிக்குத் தெரியாமல் குழம்பில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன். கிளம்பும்போது முதலாளி வந்தவருக்குப் பத்துக் கிலோ பொன்னி அரிசி கட்டிக் கொடுத்தார். அந்த மூட்டையோடு பைக்கில் உட்கார்ந்தால் தோளில் தட்ட முடியாதே என்று தம்பிக்கு நிம்மதி.

மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் செட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். காற்று மாறிவிட்டது. ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாலைந்து நாள் தம்பி வேதாரண்யத்தைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். குருத்தோலை ஞாயிறு கழிந்து ஒரு காலை, நான் பள்ளிக்குக் கிளம்பி, செருப்புக்கூட மாட்டிவிட்டேன். சமையலறையில் செட் அணைக்காமல் இருந்தது. அதிலிருந்து ஒரு குரல், ஒவ்வொரு எழுத்தாகப் படியேறி, தன் கால் சைனைச் சொல்லி, பிறகு என்னுடையதைச் சொன்னது.

செருப்போடு சமையலறைக்குள் ஓடினேன். பதில் சொன்னேன். மிக நன்றாகக் கேட்கிறது என்றேன். அங்கே மழை இருக்கிறதா என்று அவர் கேட்க எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் நின்று கேட்டேன். மழை இல்லை என்றேன். இங்கேயும் இல்லை, உப்பு நன்றாக விளையும் என்றார். என் கணவர் கதவருகில் வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். ஆனால் அவசரப்படுத்தவில்லை.

பள்ளிக்கு நான் தாமதமாக வந்தது பதினெட்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை. தலைமையாசிரியை சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "காற்று நன்றாக இருந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் படித்துவிட்டுப் பதிவேட்டை மூடினார். வகுப்புக்குப் போகச் சொன்னார்.